மஞ்சள் பூத்தால் அது ஸ்ட்ராபெரி அல்ல

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய்வருகிறவர்களில் பலர் ஒரு செடியையாவது பையில் போட்டுக்கொண்டுதான் மலை இறங்குகிறார்கள். சாலையோரப் புல்லில் தரையோடு தரையாகப் படர்ந்து, காம்புக்கு மூன்று சிற்றிலையாக விரித்து, கோலிக்குண்டு போலச் செக்கச் சிவந்த பழத்தைத் தாங்கி நிற்கும் செடி கண்ணில் பட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். "காட்டு ஸ்ட்ராபெரி" என்று சொல்லி வேரோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொள்வார்கள்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து விவசாயி ஒருவர் அப்படி நாலு செடி கொண்டுவந்து, மரவள்ளிக் கொல்லையின் ஓரத்தில் நிழலும் ஈரமும் உள்ள இடமாகப் பார்த்து நட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். செடி பிழைத்துக்கொள்ளும். கொடி ஓடி, கணுவுக்குக் கணு வேர் விட்டு, நாலு செடி நாற்பதாகும். பழமும் பழுக்கும். வாயில் போட்டால் நனைந்த பஞ்சைக் கடித்த மாதிரி இருக்கும். இனிப்பில்லை, புளிப்பில்லை, மணமும் இல்லை. சத்துப் போதவில்லையோ என்று ஆட்டு எரு வைப்பார். அதற்கும் மசியாவிட்டால் ஒரு பிடி யூரியா தூவுவார். இலை பெருக்கும், கொடி நீளும், பழம் மட்டும் பழையபடியே இருக்கும். நல்ல விலைக்குப் போகும் என்று நம்பி ஐந்து சென்ட் நிலத்தை அதற்கு ஒதுக்கியிருந்தால், ஒரு வருட உழைப்பு வீண்.

குறை உரத்தில் இல்லை. செடியே வேறு. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வருடம் காத்திருக்கவும் வேண்டாம். முதல் பூ மலர்ந்த காலையிலேயே தெரிந்துவிடும். ஸ்ட்ராபெரியின் பூ வெள்ளை. இதன் பூ நல்ல மஞ்சள். அலங்காரத்துக்காக உண்டாக்கிய சில ஸ்ட்ராபெரி ரகங்கள் இளஞ்சிவப்பாகப் பூப்பதுண்டு. ஆனால் பழத்துக்காகப் பயிரிடும் எந்த ரகமும் மஞ்சளாகப் பூப்பதில்லை.

ரோஜாவின் பங்காளி

இந்தச் செடிக்குத் தாவர நூல்கள் தரும் பெயர் பொட்டென்டில்லா இண்டிகா. ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 3,000 இனங்கள் அடங்கிய பெரிய குடும்பம் அது. ஆப்பிள், பேரி, பீச், பிளம், செர்ரி, ஸ்ட்ராபெரி எல்லாம் இதற்குள் அடங்கும். கடையில் விலை கொடுத்து வாங்கும் பாதாம் பருப்பும் இக்குடும்பத்து மரத்தில் விளைவதே. நம் தெருவோரங்களில் குடை விரித்தாற்போல் நிற்கும் நாட்டு வாதுமையை அதோடு சேர்க்கக்கூடாது, பெயர்தான் ஒன்று. நாட்டு வாதுமை, கல்வராயன் மலையில் சேகரிக்கும் கடுக்காய்க்குத்தான் நெருங்கிய உறவு. பெயரை நம்பி உறவு கொண்டாடினால் செடிகள் விஷயத்தில் ஏமாற்றமே மிஞ்சும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

பெயர் விஷயத்தில் விஞ்ஞானிகளுமே ஒரு நூற்றாண்டு அலைக்கழிந்தார்கள். 1807இல் ஹென்றி ஆண்ட்ரூஸ் என்ற ஆங்கிலேயர் இந்தச் செடியைப் படத்தோடு வெளியிட்டபோது, பழத்தைப் பார்த்து ஸ்ட்ராபெரி இனத்திலேயே சேர்த்து "இந்திய ஸ்ட்ராபெரி" என்ற பொருளில் பெயரிட்டார். பூ மஞ்சளாக இருக்கிறதே என்று 1811இல் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் அதைப் பிரித்துத் தனிப் பேரினமாக்கி, "டூஷெனியா" என்று பெயர் சூட்டினார். ஸ்ட்ராபெரிகளை ஆராய்ந்து 1766இல் அவற்றின் வரலாற்றை நூலாக எழுதிய டூஷேன் என்ற பிரெஞ்சுக்காரருக்குச் செய்த மரியாதை அது. பிறகு 1904இல் வோல்ஃப் என்ற ஜெர்மானியர் இதைப் பொட்டென்டில்லா இனத்துக்கு மாற்றினார். அண்மைக் காலத்து மரபணு ஆய்வுகளும் அவர் பக்கமே பேசுகின்றன. பழைய நூல்களில் டூஷெனியா என்றே காணப்படும். இரண்டும் ஒரே செடிதான்.

பொட்டென்டில்லா என்பது பெரிய கூட்டம். குளிர்ந்த நாடுகளில் இதன் பல இனங்கள் புல்லோடு புல்லாகக் கிடக்கின்றன. ஐரோப்பாவில் ஐந்து சிற்றிலை கொண்ட ஓர் இனம் கொடி வீசித் தோட்டத்துப் புல்தரைகளைப் பிடித்துக்கொள்ளும். அங்கே அதை ஐவிரல் செடி என்பார்கள். நீலகிரியில் மட்டுமே வேறு இனங்களும் உண்டு. அவற்றுள் ஒன்றுக்கு லெஷனோ என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர். 1816இல் புதுச்சேரிக்கு வந்து தங்கித் தென்னாட்டுச் செடிகளைத் தேடித் திரிந்தவர் அவர்.

தெற்காசியாவும் கிழக்காசியாவும் பொட்டென்டில்லா இண்டிகாவின் தாயகம். இமயமலைச் சரிவுகளிலும், சீனா, ஜப்பான் நாடுகளிலும் சாதாரணமாக வளர்கிறது. தமிழ்நாட்டில் இது நன்கு அறியப்பட்ட இடங்கள் நீலகிரியும் பழனிமலையின் மேல்பகுதியும். சீனாவிலும் ஜப்பானிலும் இதைப் "பாம்புப் பழம்" என்கிறார்கள். பாம்புக்கு ஆகும், மனிதனுக்கு ஆகாது என்று நினைத்தார்கள் போலும். உண்மையில் இது விஷமல்ல. குழந்தை ஒன்றிரண்டு தின்றுவிட்டதென்று யாரும் பதற வேண்டியதில்லை. தின்றதால் கண்ட பலனும் ஒன்றுமில்லை.

நீலகிரியில் உண்மையான காட்டு ஸ்ட்ராபெரியும் உண்டு என்பதுதான் குழப்பத்தை அதிகமாக்குகிறது. அந்த இனத்தின் அறிவியல் பெயரிலேயே நீலகிரி இடம் பெற்றிருக்கிறது. அதற்கும் மூன்று சிற்றிலை, அதற்கும் ஓடுகிற கொடி. ஆனால் பூ வெள்ளை. ஆகவே மலையில் எதைப் பெயர்ப்பதானாலும் பூவைப் பார்க்காமல் பெயர்க்கக்கூடாது.

பூவைக் கையில் எடுத்தால்

பூ இல்லாத காலத்தில் என்ன செய்வது என்று கேட்கலாம். பழம் இருந்தாலே போதும். ஸ்ட்ராபெரிப் பழம் கனத்தில் தலைகுனிந்து தொங்கும். அதன் மேலுள்ள சிறு விதைகள் பழத்தின் சதையில் அழுந்திக் கிடக்கும். இதன் பழமோ நிமிர்ந்து வானம் பார்க்கும். விதைகள் சிவப்பாக, மேலே துருத்திக்கொண்டு நிற்கும். விரலால் தடவினால் சொரசொரப்புத் தெரியும்.

பழத்துக்கு அடியில் பச்சையாக இரண்டு சுற்று இதழ்கள் இருக்கும். உள் சுற்றில் ஐந்து புல்லி இதழ்கள். அதற்கு வெளியே இன்னொரு ஐந்து. இந்த வெளிச் சுற்றுக்குப் புறப்புல்லி வட்டம் என்று பெயர். ஸ்ட்ராபெரியிலும் இரண்டு சுற்று உண்டு. ஆனால் அங்கே வெளி இதழ்கள் ஒடுங்கி, நுனி கூராக இருக்கும். நம் செடியில் வெளி இதழ்கள் உள் இதழ்களைவிடப் பெரியவை, அகன்றவை; நுனியில் மூன்று பல் வெட்டினாற்போல் இருக்கும். பார்வைக்குப் பழத்துக்கு அடியில் பச்சைக் கழுத்துப்பட்டை கட்டினாற்போலத் தெரியும். பழுத்து உதிர்ந்த பிறகும் இந்தப் பட்டை காம்பிலேயே நிற்பதால் இது நல்ல அடையாளம்.

பூ ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறியதாகவே பெரும்பாலும் இருக்கும். இலைக் கணுவிலிருந்து நீண்ட காம்பில் ஒற்றையாக எழும்பும். ஐந்து மஞ்சள் அல்லி இதழ்கள். நடுவே இருபதுக்கும் மேற்பட்ட மகரந்தத் தாள்கள். ஐந்து இதழும் எண்ண முடியாத அளவு மகரந்தத் தாளும் ரோஜாக் குடும்பத்தின் பொது முத்திரை. நாட்டு ரோஜாவின் அடுக்கிதழ்களைப் பார்த்துவிட்டு இதை நம்பாதவர்கள், காட்டு ரோஜாவைப் பார்க்க வேண்டும். அதற்கும் ஐந்தே இதழ்கள்தான். அடுக்கு என்பது மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்தது.

இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரு பக்கமும் சிறு செதில்கள் இருக்கும். சிற்றிலைகளின் ஓரம் அரம் போல வெட்டுண்டிருக்கும். இந்த ஓரப் பல்லை மறக்கக்கூடாது. கீழே புளியாரையைப் பற்றிச் சொல்லும்போது பயன்படும்.

சதை இருந்தும் சுவை ஏன் இல்லை

விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் காட்டுக்குப் போய்வந்த கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. முந்திரியில் சதைப்பற்றாகத் தொங்கும் பழம் தாவர இயல்படி பழமே அல்ல, பருத்துப்போன பூக்காம்பு. உண்மையான கனி அதன் நுனியில் ஒட்டியிருக்கும் கொட்டை. இதைப் பொய்க்கனி என்பார்கள்.

ஸ்ட்ராபெரியும் பொய்க்கனிதான். பூவின் பாகங்கள் எல்லாம் எதன்மேல் அமர்ந்திருக்கின்றனவோ அந்தப் பூத்தளம் பருத்துச் சதை வைத்து, சர்க்கரையும் புளிப்பும் மணமும் சேர்ந்து பழமாகிறது. மேலே ஒட்டியிருக்கும் "விதை" ஒவ்வொன்றும் ஒரு முழுக் கனி. நம் மஞ்சள் பூச்செடியிலும் பூத்தளம் பருக்கிறது, சிவக்கிறது. ஆனால் சாறு ஏறுவதில்லை. காற்றடைத்த பஞ்சாக நின்றுவிடுகிறது. இது அந்த இனத்தின் பிறவிக் குணம். தண்ணீராலோ எருவாலோ மாற்றக்கூடியதல்ல. தழைச்சத்து வைத்தால் தழைதான் வரும்.

கடையில் விற்கும் ஸ்ட்ராபெரியுமே காட்டிலிருந்து அப்படியே வந்ததல்ல. 1714இல் ஃப்ரெசியே என்ற பிரெஞ்சு அதிகாரி தென்னமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்து பெரிய பழ இனம் ஒன்றைக் கொண்டுவந்தார். அது பிரான்சில் வட அமெரிக்க இனம் ஒன்றோடு கலந்து பிறந்ததே இன்றைய ஸ்ட்ராபெரி. இரண்டுமே வெள்ளைப் பூக்காரர்கள். மேலே சொன்ன டூஷேன்தான் அந்தக் கலப்பை முதலில் கண்டறிந்தவர்.

உண்மையான ஸ்ட்ராபெரியைக் கல்வராயன் மலையில் முயன்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் உயரத்தைக் கவனிக்க வேண்டும். ஊட்டி 7,300 அடிக்கு மேல், கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி. சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி அளவில்தான். மகாராஷ்டிரத்தில் ஸ்ட்ராபெரிக்குப் பெயர்போன மகாபலேசுவரம் சுமார் 4,500 அடியில் இருக்கிறது. அங்கே மழைக்காலம் ஓய்ந்ததும் நட்டு, பனிக்காலத்தில் பறிக்கிறார்கள். பகல் குறுகி இரவு குளிர்ந்தால்தான் இந்தப் பயிர் பூ வைக்கும். வெயில் காலத்தில் பூவை விட்டுக் கொடி ஓடும். ஆகவே பெரிய கல்வராயனின் உயர்ந்த பகுதிகளில் நாலு மேட்டுப்பாத்தி போட்டு ஒரு பருவம் சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை. கடன் வாங்கி அரை ஏக்கர் போடுவது விவேகமல்ல. மலையடிவாரத்துக் கள்ளக்குறிச்சி, சின்னசேலம் சமவெளிக் கோடையில் அது நிற்காது. நாற்றைத் தோட்டக்கலைப் பண்ணையிலோ நம்பகமான நாற்றங்காலிலோ ரகப் பெயர் சொல்லி வாங்க வேண்டும். நடும்போது நடுக்குருத்து மண்ணுக்குள் புதையக்கூடாது, புதைந்தால் அழுகிவிடும்.

சமவெளியில் மஞ்சள் பூத்துப் படர்பவை

கள்ளக்குறிச்சிப் பக்கத்து வயல் வரப்பிலும் மேய்ச்சல் தரையிலும் தரையோடு படர்ந்து மஞ்சளாகப் பூப்பவை வேறு செடிகள். அவற்றில் ஒன்றுகூட ரோஜாக் குடும்பம் அல்ல. எல்லாவற்றையும் "மஞ்சப்பூக் கொடி" என்று ஒரே கையில் சேர்த்துவிட்டால், களையெடுப்பிலும் நஷ்டம், கால்நடைக்கும் ஆபத்து.

முதலில் நெருஞ்சி. சங்கப் புலவர்கள் காலம் முதல் சூரியனைப் பார்த்துத் திரும்பும் பூவாகப் பெயர் பெற்றது. ஐந்து மஞ்சள் இதழ் இருப்பதால் தூரத்தில் பார்க்க நம் செடியின் பூவை ஒத்திருக்கும். ஆனால் மகரந்தத் தாள் பத்துதான். இலை மூன்று சிற்றிலையாக இராமல், புளிய இலை போல ஜோடி ஜோடியாக அடுக்கியிருக்கும். பழம் பழுக்காது, காய்ந்து, முள்ளோடு ஐந்து துண்டாகப் பிளக்கும். அதன் பெருமை செருப்பில்லாமல் நடந்தவர்களுக்குத் தெரியும்.

ஆடு வளர்ப்பவர்கள் நெருஞ்சியை இன்னொரு காரணத்துக்காகவும் அறிந்திருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் கரூ என்னும் வறண்ட மேய்ச்சல் பிரதேசத்தில், வாடிய நெருஞ்சியை மிகுதியாக மேய்ந்த செம்மறி ஆடுகளுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்டதும் முகமும் காதும் வீங்கி, காமாலை கண்டு மாள்வது நெடுங்காலமாகத் தெரிந்த நோய். "மஞ்சள் வீங்குதலை" என்ற பொருளில் அங்கே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் மேய்ந்தால் ஒன்றும் ஆகாது. வேறு பசுமை இல்லாத நாளில் நெருஞ்சி ஒன்றே மண்டிக் கிடக்கும் தரையில் மந்தையை நாள் கணக்கில் விடுவதுதான் தவறு. முகம் வீங்கிய ஆட்டை உடனே நிழலுக்குக் கொண்டுவந்து கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

யானை நெருஞ்சில் என்று ஒன்று உண்டு. அதற்கும் மஞ்சள் பூ, முள்ளுக்காய். ஆனால் அது எள்ளின் குடும்பம். ஒரு கொத்து இலையைத் தண்ணீரில் போட்டு ஆட்டினால் தண்ணீர் விளக்கெண்ணெய் போல வழவழப்பாகும். மூலிகை சேகரித்து விற்பவர்கள் இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் சரக்குத் திரும்பி வரும்.

புளியாரைதான் நம் செடியோடு நெருக்கமாகக் குழப்புவது. அதற்கும் மூன்று சிற்றிலை, அதற்கும் மஞ்சள் பூ, அதுவும் கணுவில் வேர் விட்டுப் படரும். நாற்றங்கால் பைகளில் இது இல்லாத இடமில்லை. வேறுபாடு இலையில் இருக்கிறது. புளியாரையின் சிற்றிலை நுனியில் பிளந்து இதயம் போல இருக்கும். ஓரத்தில் பல் கிடையாது. மாலையானால் மடங்கித் தூங்கும். மென்றால் புளிக்கும். காய் குட்டி வெண்டைக்காய் போல நிமிர்ந்து நிற்கும். முற்றியதும் தொட்டால் வெடித்து விதைகளைச் சில அடி தூரம் தெறித்துவிடும். துவையலுக்கு ஆகும் கீரைதான். ஆனால் ஆக்சாலிக் அமிலம் மிகுந்தது என்பதால் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

மஞ்சள் கரிசலாங்கண்ணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பூ என்று தோன்றுவது உண்மையில் பல சிறு பூக்கள் சேர்ந்த தலை. சூரியகாந்தியின் கூட்டம்.

வேரைப் பார்த்துக் களையெடுக்க வேண்டும்

செடியின் குடும்பம் எதுவானால் என்ன, களை களைதானே என்று சில விவசாயிகள் நினைக்கலாம். அங்கேதான் கூலி வீணாகிறது. படரும் செடிகள் எல்லாம் ஒரே மாதிரி படர்வதில்லை.

நெருஞ்சிக்கு ஒரே ஆணிவேர். அதிலிருந்து நாலு பக்கமும் கொடி போகும்; கொடிக் கணுவில் வேர் விடாது. ஆகவே கொடி எவ்வளவு நீளம் போயிருந்தாலும், நடுவில் உள்ள அந்த ஒரு வேரைக் களைக்கொத்தால் அறுத்தால் செடி முடிந்தது. ஆனால் காய் பிடிக்கும் முன்பே அறுக்க வேண்டும். காய் பிடித்துவிட்ட செடியை எருக்குழியில் போட்டால் அடுத்த வருடம் எருவோடு சேர்த்து முள்ளையும் வயலுக்கு ஏற்றியதாகும். தனியே குவித்து எரிப்பதே முறை.

மஞ்சள் பூ ஸ்ட்ராபெரி இதற்கு நேர்மாறு. வல்லாரை படர்வதைப் பார்த்தவர்கள் இதன் போக்கைச் சுலபமாகப் புரிந்துகொள்வார்கள். தாய்ச் செடியிலிருந்து ஓடுதண்டு கிளம்பி, கணு மண்ணைத் தொட்ட இடத்தில் கீழே வேரும் மேலே இலையும் விடும். சில வாரத்தில் அந்தக் குட்டி தானே பிழைக்கும் அளவுக்குத் தேறிவிடும். பிறகு நடுவில் தண்டை அறுத்தாலும் தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் வாழும். இதன்மேல் ஏர் ஓட்டுவதும் சுழல் கலப்பை விடுவதும் களையெடுப்பாகாது. துண்டு துண்டாக நறுக்கி, வயல் முழுக்க நாற்று விட்டதாகவே முடியும். மண்வெட்டியால் மேலோடு சீவினாலும் இதே கதைதான். மண்ணுக்குள் தங்கும் குட்டைத் தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

நல்ல மழை பெய்து மண் பதமாக இருக்கும் மறுநாள் இதற்கு ஏற்றது. தாய்ச் செடியைக் களைக்கொத்தால் நெம்பி, குட்டைத் தண்டோடு கிளப்ப வேண்டும். பிறகு கொடியைப் பிடித்து மெல்ல இழுத்தால் குட்டிகள் ஒவ்வொன்றாகக் கூடவே வரும். கிளப்பியதை ஈர மண்ணில் போட்டுவிட்டுப் போகக்கூடாது. அங்கேயே வேர் பிடிக்கும். பாறை மேலோ சாக்கின் மேலோ பரப்பி வெயிலில் கருகவிட வேண்டும். பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்பும் என்பதால், மூன்று நாலு வாரம் கழித்து இன்னொரு முறை சுற்றிப் பார்ப்பது அவசியம்.

புளியாரைக்கும் இதே கையெடுப்புத்தான், ஒரு திருத்தத்தோடு. காய் முற்றுவதற்கு முன் செய்ய வேண்டும். முற்றிய பிறகு பிடுங்கினால் பிடுங்குகிற கையே விதை தெளிக்கும்.

சரிவான நிலத்துக்கு ஒரு எச்சரிக்கை

இவ்வளவையும் படித்துவிட்டு, மலைச்சரிவில் படர்ந்து கிடக்கும் எல்லாவற்றையும் சுரண்டிவிடக் கிளம்பக்கூடாது. கல்வராயன் மலையில் மரவள்ளி பெரும் பயிர். நட்டு முதல் மூன்று மாதம் இலை மூடாது. அந்தக் காலத்தில் களை இருந்தால் கிழங்கு சிறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதே காலத்தில் மழை பிடித்துக்கொண்டு தரை மொட்டையாக இருந்தால், களையோடு மேல் மண்ணும் போய்விடும். கிழங்கைத் தோண்டும்போது மண் மறுபடி கிளறப்படுகிறது. இப்படிக் கிளம்பும் வண்டல் ஓடைகளில் இறங்கிக் கோமுகி ஆற்றுக்குப் போகிறது. கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணையில் அது தங்கினால், தங்கிய அளவுக்குக் கீழே உள்ள வயல்களுக்குத் தண்ணீர் குறையும். மேலே உள்ளவருக்கு மண் நஷ்டம், கீழே உள்ளவருக்குத் தண்ணீர் நஷ்டம்.

ஆகவே செடியைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மட்டும் சுத்தமாகக் கொத்திவிட்டு, வரப்பின் முகத்திலும் ஓடைக் கரையிலும் உள்ள பசுமையை விட்டுவைப்பது நல்லது. சரிவுக்குக் குறுக்கே வரப்பு, வரப்பில் வெட்டிவேர் அல்லது அருகு. மரவள்ளி வரிசைகளுக்கு நடுவே உளுந்து, பச்சைப்பயறு, சின்ன வெங்காயம் போன்ற குறுகிய காலப் பயிர் போட்டால் அதுவே களையை அடக்கும்; கைக்கும் காசு வரும். கொள்ளு விதைத்தால் மாட்டுக்குத் தீவனமும் ஆயிற்று.

மஞ்சள் பூ ஸ்ட்ராபெரியையே மண் பிடிப்புக்கு வளர்த்தால் என்ன என்று தோன்றலாம். மண்ணை அது பிடிக்கும்தான். நிழலடர்ந்த இடத்தில் பச்சைப் பாய் விரித்தாற்போல மூடும். அந்த அழகுக்காகவே ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுபோனார்கள். வேலி தாண்டி ஓடி, இன்று அங்கே புல்தரைகளில் வேண்டாத களையாகிவிட்டது. மண்ணைப் பிடிக்க இந்த மலையிலேயே வேண்டிய புல்லும் கொடியும் இருக்கும்போது, ஊட்டியிலிருந்து ஒரு கொடி வர வேண்டியதில்லை. ஏற்கனவே தொட்டியில் வைத்திருப்பவர்கள் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். கொடி தரையைத் தொடாதபடி தொங்கவிட்டால் பார்க்க அழகாகவே இருக்கும்.

செடியை அடையாளம் காட்டக் கொண்டுபோகும் முறை

கொல்லையிலோ காட்டிலோ தெரியாத செடி ஒன்று படர்ந்திருந்தால், வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ வேளாண்மை அலுவலகத்திலோ காட்டிக் கேட்கலாம். பலர் வாடிச் சுருண்ட ஒரு இலையை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். அதை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியாலும் ஒன்றும் சொல்ல முடியாது.

பூ, காய், இலை, ஓடுதண்டு, வேர் எல்லாம் உள்ள ஒரு முழுச் செடியை எடுத்து, மண்ணை உதறி, பழைய செய்தித்தாளின் இரண்டு மடிப்புக்கு நடுவே இலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்ப வேண்டும். ஒரு இலையையாவது திருப்பி அடிப்பக்கம் தெரியும்படி வைக்க வேண்டும். மேலே பலகையும் கல்லும் ஏற்றி, தினமும் தாளை மாற்றி வந்தால் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். 1853இல் சென்னையில் தொடங்கி இன்று கோயம்புத்தூரில் இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையின் பொறுப்பில் இருக்கும் உலர் தாவரச் சேகரிப்பில் உள்ள செடிகளும் இப்படித் தாளுக்கு நடுவே அழுத்திக் காய வைத்தவையே.

கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில் எடுத்த ஊர், தேதி, சரிவா சமதளமா, நிழலா வெயிலா என்பதை எழுதி வைக்க வேண்டும். பூவின் நிறத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். காய்ந்தால் நிறம் மங்கிவிடும். மலையில் வாழ்பவர்கள் அந்தச் செடியை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்களோ அதையும் கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளலாம்.